கீழே விழாத எண்

பெரிய ஹாலில் எண் கீழே விழக் கூடாது. இது பல்கலைக்கழகம் போட்ட சட்டம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எதிராக மாணவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம். காலையில் முதல் வகுப்பு தொடங்கும்போது பேராசிரியர் குனிந்த தலை நிமிராமல் எண்களைக் கூப்பிடுவார். எண்ணுக்கு உரியவன் வந்திருந்தால் “பிரசன்ட் சார்” என்பான். வரவில்லை என்றால் ஒரு மூச்சு விடும் நேரம் ஹால் காத்திருக்கும். அதற்குள் யாராவது அந்த எண்ணைப் பிடித்துவிட வேண்டும். யாருடைய எண், ஏன் வரவில்லை, நல்லவனா, போன மாதம் நம்மோடு சண்டை போட்டவனா என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. பந்து வருகிறது, பிடி. அவ்வளவுதான்.

அப்படிப் பிடிப்பதில் ஒருவனை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் அவனுக்குக் கீப்பர் என்று பெயர் விழுந்தது.

கீப்பர் அங்கே வந்து சேர்ந்தபோது அவனை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவனை அடிப்பதற்காவது நாலு பேர் இருந்தார்கள். இங்கே அதுவும் இல்லை. வாசலிலிருந்து வகுப்புக்கு நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு பெரிய இடம். ஹாலில் முந்நூறு பேருக்கு மேல். காலையில் “பிரசன்ட் சார்” என்று சொன்ன பிறகு, சாயங்காலம் அக்காவோடு போனில் பேசும்வரை வாய் திறக்காத நாட்கள் உண்டு. கேண்டீனில்கூடப் பேச வேண்டியதில்லை. தட்டை நீட்டினால் போட்டுவிடுவார்கள். ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி குரல் கரகரத்தது.

அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க நின்றபடி வேலை.

“என்னடா துரை, இன்னைக்கு என்ன படிச்ச?”

“படிச்சேன்.”

“அதான், என்னத்த?”

“சொன்னா உனக்குப் புரியுமா?”

“புரியலேன்னாலும் சொல்லு. காலையிலேருந்து காலரையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். நாலு பெரிய வார்த்தையாவது காதுல விழட்டும்.”

அவன் நாலு பெரிய வார்த்தைகளைச் சொல்வான். அவனுக்கும் அவை புரிந்திருக்காது.

முதல் எண்ணை அவன் பிடித்தது தற்செயல். பக்கத்து இருக்கைக்காரன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். மீசையை மட்டும் அக்கறையாக வளர்த்து வைத்திருந்தவன். அவனுடைய எண் வந்தது. கீப்பர் மூக்கை அடைத்துக்கொண்டு, சளி பிடித்தவன் மாதிரி “பிரசன்ட் சார்” என்றான். பின்வரிசை குலுங்கியது. மீசைக்காரன் விழித்துக்கொண்டு, நடந்ததைக் கேட்டு, “டேய், என் குரலவிட நல்லா இருந்துச்சாமேடா” என்று தோளில் கை போட்டான். அந்தக் கையின் கனம் அன்று முழுக்கத் தோளில் இருந்தது.

அதற்குப் பிறகு அவனிடம் விதவிதமான குரல்கள் சேர்ந்தன. சளிக் குரல், தூக்கக் குரல், ஓடிவந்து மூச்சிரைக்க உட்கார்ந்தவனின் குரல், முன்வரிசை நல்ல பிள்ளையின் குரல். ஒரே வகுப்பில் ஆறேழு பேருக்கு உயிர் கொடுப்பான். ஒருமுறை பக்கத்து எண்ணைப் பிடித்த வேகத்தில் தன் எண்ணைக் கோட்டைவிட்டான். “ஊருக்கெல்லாம் வந்துட்ட, நீ வரலையாடா?” என்று ஹாலே சிரித்தது. நடைபாதையில் முகம் தெரியாதவர்கள் நிறுத்தி, “கீப்பர், நாளைக்கு ஒரு வேலை இருக்கு, பாத்துக்கோ” என்பார்கள். “நம்பரச் சொல்லு. ஆளு முக்கியமில்ல” என்பான். அது அவனுடைய வசனமாகவே ஆகிவிட்டது.

ஹாலின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இன்னொருவனுக்காக வருகை சொல்பவன் அந்த ஆண்டை இழப்பான். யாரோ அதன் கீழே ஒரு நாக்கை வரைந்து வைத்திருந்தார்கள்.

விடுதி அறையில் அவனோடு இருந்தவன் பள்ளியில் முதலாவதாக வந்தவன். வந்த புதிதில் எல்லோரும் அவனை டாப்பர் என்றார்கள். அறை இரண்டு கட்டில், ஒரு மேசை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரு ஜன்னல். டாப்பர் தன் புத்தகங்களுக்கெல்லாம் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, உயர வரிசையில் அடுக்கினான். அட்டை போடுவதில் அவன் காட்டிய நேர்த்தியைப் பார்த்துக் கீப்பர் பயந்தே போனான். இவனோடு எப்படிக் குப்பை கொட்டுவது?

முதல் தேர்வின் முடிவு வந்த அன்று டாப்பரின் எண் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தது. கீப்பர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்தே மேலே வந்தவன். இங்கே மனப்பாடம் செய்ய எதுவும் கையில் சிக்கவில்லை. பேராசிரியர் பலகையில் எழுதுவார், அவரே அழிப்பார். கேள்வி கேட்கலாம் என்றால், முந்நூறு பேர் நடுவில் எழுந்து நின்று கேட்க வேண்டும். அவன் எழுந்து நிற்கவில்லை.

அப்புறம் காலையில் எழுந்திருப்பதையும் விட்டான்.

“எந்திரிடா. நேரமாச்சு.”

“நீ போ. நான் பின்னால வரேன்.”

“நேத்தும் இதத்தான் சொன்ன.”

“இன்னைக்கும் இதத்தான் சொல்றேன்.” போர்வைக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “என் நம்பரப் பாத்துக்கோ.”

“நீ கவலையே படாத. உன் நம்பர் விழாது.”

விழவில்லை. நூற்று எழுபத்தாறு என்று வந்ததும் கீப்பர் பிடித்துவிடுவான். டாப்பருக்கென்று ஒரு குரல் வைத்திருந்தான். மெல்லிய, கொஞ்சம் அவசரமான குரல். உண்மையில் டாப்பரின் குரல் எப்படி இருக்கும் என்பது அவனுக்கே மறந்துகொண்டு வந்தது. அவன் அவ்வளவு குறைவாகப் பேசினான். வராந்தாவில் இப்போது அவனுக்குப் போர்வை என்று பெயர்.

“போர்வை எந்திரிச்சுதா கீப்பர்?”

“இன்னும் காயல.”

சிரிப்பார்கள். கீப்பரும் சிரிப்பான். மத்தியானம் கேண்டீனிலிருந்து ஒரு தட்டை இன்னொரு தட்டால் மூடிக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். சில நாள் பாதி சாப்பிட்டிருக்கும். சில நாள் மேல்தட்டு எடுக்கப்பட்டிருக்காது. அதை அவனே கொண்டுபோய்க் கழுவி வைப்பான். நண்பனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று அவனுக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

பக்கத்து அறையில் ஒருவன் இருந்தான். வாய்த்துடுக்கு. எல்லோரையும் பகைத்துக்கொண்டதில், அவன் எண் மட்டும் விழும்போது, சட்டத்தையும் மீறி, ஹால் கீப்பர் உட்படக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் விதிப்படி வீட்டுக்குத் தகவல் போயிற்று. அவன் அம்மா வந்தாள். வராந்தா முழுக்கக் கேட்கத் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு அவன் துணியையெல்லாம் வாளியில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சில வாரம் கழித்து அவன் திரும்பி வந்தபோது கன்னம் உப்பியிருந்தது. சாயங்காலம் மைதானத்தில் பந்து விளையாடினான்.

“பாவம்டா, ஒருத்தன்கூட பிடிக்கல” என்றான் கீப்பர் அப்போது. போர்வை தலைக்கு மேல் இழுபட்டது.

ஒருநாள் அவன் வகுப்பிலிருந்து வந்தபோது டாப்பரின் கட்டிலில் யாரும் இல்லை. போர்வை நாலாக மடித்து, தலையணைமேல் வைக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன, புத்தக அட்டையைப் போல. கீப்பருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. எழுந்துவிட்டான்! குளிக்கப் போயிருப்பான். இல்லை, நூலகத்துக்கு. இருட்டிய பிறகு, ஊருக்குப் போயிருப்பான் என்று வைத்துக்கொண்டான். சொல்லாமல் போய்விட்டானே என்று கோபம்கூட வந்தது. மறுநாள் காலை நூற்று எழுபத்தாறு என்று கேட்டதும் வாய் தானாகப் பிடித்தது. அதற்கு மறுநாளும். ஊருக்குப் போனவனுக்கு வருகை சொல்வது அவனுக்குப் புதிதா என்ன?

வாரம் முடியும் தறுவாயில் அறைக் கதவு தட்டப்பட்டது. நடுவயதுக்காரர், கையில் ஒரு துணிப்பை. அப்பா மோட்டார்களுக்குக் கம்பிக் காயில் சுற்றுபவர் என்று டாப்பர் எப்போதோ சொன்னது கீப்பருக்கு ஞாபகம் வந்தது. விரல் நுனிகளில் கம்பி அறுத்த கோடுகள். சட்டையில் வார்னிஷ் வாசனை.

“தம்பி இல்லையா?” என்றார். மகனை அவர் தம்பி என்றுதான் சொல்வார். “போன் போட்டா எடுக்கல. ரெண்டு நாள் மணி அடிச்சுது, அப்புறம் அதுவும் இல்ல. அதான் கடையப் பூட்டிட்டு வந்துட்டேன்.”

கீப்பர் கதவை முழுக்கத் திறந்தான். “ஊருக்கு வரலையாப்பா?”

“ஊருக்கா? எதுக்கு?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மடித்த போர்வையைப் பார்த்தார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையணையைத் தூக்கினார். கீழே போன் இருந்தது; மணிச் சத்தத்தை டாப்பர் எப்போதோ அணைத்து வைத்துவிட்டிருந்தான். உயிர் போய் இருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போன விட்டுட்டு எங்க போவான்?”

கீப்பர் அவரைத் துறை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

துறை அலுவலகத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மா இருந்தார். டாப்பரின் அப்பா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

“யாருங்க காணோம்னது? ஒரு நாள்கூட லீவு இல்ல உங்க பையன். இவர மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்ல.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கும் வந்திருக்கார். காலைல முதல் வகுப்பு.”

அப்பாவின் தோள்கள் இறங்கின. அதுவரை அவை எவ்வளவு உயரத்தில் இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. கும்பிட்டார். அந்த அம்மாவைக் கும்பிட்டார், கணினியையும் சேர்த்துக் கும்பிட்ட மாதிரி இருந்தது. பிறகு கீப்பரிடம் திரும்பினார்.

“நீயும் அதே வகுப்புதானேப்பா? காலைல பாத்தியா அவன?”

“ஹால் பெருசுப்பா” என்றான் கீப்பர். “முந்நூறு பேருக்கு மேல.”

அது பொய் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வாசல் பாதுகாப்பு அதிகாரி நாற்காலியைவிட்டு எழவே இல்லை. “வகுப்புக்கு வர்ற பையனக் காணோம்னு எப்படிய்யா எழுதறது? போலீசுக்குப் போனாலும் அவங்க எங்களத்தான் கேப்பாங்க. நாங்க இதத்தான் சொல்லுவோம். உங்க மேல ஏதாவது கோவமா இருக்கும். எவன் ரூம்லயாவது ஒளிஞ்சிருப்பான். இல்லேன்னா பொண்ணு கிண்ணு ஏதாவது...”

“இருந்தா நல்லதுங்க” என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் அவர் நிறையப் பேசினார். நிம்மதியில் பேசுகிறவரின் பேச்சு. “கோவம்தான்ப்பா. போன தடவ போன்ல, ‘முதலாவதா வருவியாடா’ன்னு கேட்டேன். சும்மாதான் கேட்டேன். பேசாம வச்சிட்டான். வகுப்புக்குப் போகலேன்னா காலேஜ்லேருந்து தகவல் வரும்னு சேர்க்கும்போதே சொன்னாங்க. ஒண்ணும் வரலையா, சரி, ஒழுங்காத்தான் இருக்கான்னு விட்டுட்டேன். நாளைக்குக் காலைல நானே வகுப்புக்கு வந்து நிக்கிறேன். எங்க போவான்? முதல் வகுப்புக்கு வந்துதானே ஆகணும்?”

வந்துதானே ஆகணும் என்று கீப்பரும் தலையை ஆட்டினான்.

அவரை அறையில் விட்டுவிட்டு மீசைக்காரன் அறைக்கு ஓடினான். மீசை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து கதவைத் தாழிட்டான்.

“சொல்லிடப் போறேன்டா” என்றான் கீப்பர்.

“சொல்லு. சொல்லிட்டுப் பொட்டியக் கட்டு. நீ மட்டும் போனா பரவாயில்ல. யார் யாருக்குச் சொன்னேன்னு கேப்பாங்க. பாதி ஹால் காலி. நான், இந்த வரிசைல அத்தன பேரும்.”

“அவன் எங்கயோ போயிட்டான்டா. போன விட்டுட்டுப் போயிருக்கான்.”

மீசை கட்டிலில் உட்கார்ந்தான். அவனும் போர்வையைக் கிண்டல் செய்தவன்தான். “ஒண்ணு பண்ணு” என்றான் மெதுவாக. “நாளைக்கு நம்பர் வரும்போது வாய மூடிட்டு உக்காரு. விழட்டும். அவரே கேட்டுப்பாரு. இன்னைக்கு வரலன்னு தெரிஞ்சதும் அவங்க தேட ஆரம்பிச்சுடுவாங்க. நீ ஒரு வார்த்தகூட சொல்ல வேணாம்.”

அந்த யோசனை கீப்பருக்குப் பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது. சும்மா இருந்தால் போதும். உண்மை தானாக வெளியே வந்துவிடும்.

போன் வந்தது. அக்கா.

“என்னடா துரை, சாப்பிட்டியா?”

“ம்.”

“என்ன குரல் இது? யாரோ மாதிரி இருக்கு.”

“சளி.”

“சளின்னா எனக்குத் தெரியாதா? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. நாளைக்குப் பேசறேன்.”

அறையில் அப்பா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி கடகடத்துக்கொண்டு சுற்றியது. அவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“புஷ் தேஞ்சிருக்கு” என்றார். “இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறீங்க?”

“பழகிடுச்சுப்பா.”

“அவனுக்கும் பழகிடுச்சா?”

கீப்பர் பக்கத்தில் போய் நின்றான். “அப்பா...”

“சொல்லுப்பா.”

“டீ வாங்கிட்டு வரட்டுமா?”

மறுநாள் அவர் துணிப்பையிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீப்பருக்கு முன்னாலேயே கிளம்பி நின்றார். ஹால் படிப்படியாகக் கீழிறங்கும் அமைப்பு. அவர் எல்லோருக்கும் மேலே, கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து முகங்கள் தெரியாது. முந்நூறு பின்னந்தலைகள்தான் தெரியும்.

“அது போதும்ப்பா” என்றார். “அவனுக்கு ரெட்டைச் சுழி. சின்னதுல நான்தான் முடி வெட்டுவேன். எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்.”

அவர் வலமிருந்து இடமாக, ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசையாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். கீப்பர் அவருக்கு நாலு வரிசை கீழே உட்கார்ந்திருந்தான். தன் பின்னந்தலையையும் அந்தக் கண்கள் கடந்து போவது தெரிந்தது.

பேராசிரியர் வந்தார், குனிந்தார், கூப்பிட ஆரம்பித்தார். எண்கள் ஏறிக்கொண்டு வந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. வந்தவர்கள் சொன்னார்கள், வராதவர்களைப் பிடித்தார்கள். நூற்று எழுபதைத் தாண்டியதும் கீப்பர் கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டான்.

“நூற்று எழுபத்தாறு.”

ஒரு மூச்சு. நாக்கு உள்ளே துள்ளியது. அழுத்திக்கொண்டான். இன்னொரு மூச்சு. அவ்வளவு பெரிய ஹாலில் அப்படியொரு அமைதியை அவன் கேட்டதே இல்லை. பேராசிரியரின் பேனா கீழே இறங்கியது. விழு, விழு, விழுந்துவிடு.

“பிரசன்ட் சார்!”

இடப்பக்கம் கீழே எங்கிருந்தோ வந்தது. தெளிவான, உற்சாகமான குரல். கீப்பர் பார்த்தான். கண்ணாடி போட்ட ஒருவன். பெயர் தெரியாது, பேசியதும் கிடையாது. அவன் திரும்பி மேலே கீப்பரைத் தேடிக் கண்ணடித்தான். நீ இன்னைக்கு விட்டுட்ட, நான் பிடிச்சுட்டேன் பாத்தியா என்று அதற்கு அர்த்தம்.

எல்லாவற்றையும் யோசித்த கீப்பர், ஹாலுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

“தம்பி!”

பின்னால் இருக்கைப் பலகை மடங்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிட்டார். படிகளில் இறங்கி வந்தார், ஒவ்வொரு வரிசையிலும் நின்று முகங்களைப் பார்த்தபடி. முகத்தில் அப்படியொரு வெளிச்சம். முதலில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பிறகு ஆங்காங்கே சிரித்தார்கள்.

பேராசிரியர் தலையை நிமிர்த்தினார். அவருடைய கண்களை அன்றுதான் பலர் பார்த்தார்கள். களைத்துப்போன, சாதாரணக் கண்கள்.

“யாருங்க நீங்க?”

“அப்பாங்க. நூத்தி எழுபத்தாறோட அப்பா. இப்பப் பேசினானே. எந்தப் பக்கம்னுதான் தெரியல.”

இப்போது ஹால் நன்றாகவே சிரித்தது. கண்ணாடிக்காரன் மேசைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“தம்பி, அப்பாடா. திட்ட மாட்டேன். முதலாவதா வர வேணாம், ஒண்ணும் வேணாம். எந்திரிடா.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் காத்திருந்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்லக் குழம்பியது. காதைச் சாய்த்து எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிறவர் போல நின்றார். “அவன் குரல் கொஞ்சம் கட்டையா இருக்குமே” என்றார், யாரிடமும் இல்லாமல்.

கீப்பர் எழுந்து நின்றான்.

“நீ இல்லப்பா” என்றார் அவர் அன்பாக. “நீ உக்காரு.”

“அவன் வரலப்பா.”

“இப்பதானே...”

“அவன் வரவே இல்ல. ரொம்ப நாளா வரல. ரூம்லயே படுத்திருந்தான். தினமும் நான்தான் அவனுக்குச் சொன்னேன்.”

“இப்பச் சொன்னது நீயா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“இல்ல சார். இன்னைக்கு நான் சொல்லல.”

அதற்கும் யாரோ சிரித்தார்கள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரு பக்கமும் இருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“நேத்து?”

“நான்தான்ப்பா.”

“அதுக்கு முந்தின நாளு?”

“நான்தான்.”

“அப்ப அவன் எப்பதான் போனான்?”

கீப்பர் சொன்னான். போர்வை மடித்திருந்த அன்று. அவர் விரல்களை மடக்கினார். மோட்டாருக்குச் சுற்று எண்ணுகிறவரின் விரல்கள். கணக்கு எங்கே முடிகிறது என்று தெரிந்ததும் விரல்களை அப்படியே மடக்கி வைத்துக்கொண்டார். அத்தனை நாளும் அவன் எங்கே இருந்தாலும், இங்கே ஹாலில் இருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். பாதுகாப்பு அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய அம்மா கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது அப்போதும் அவன் வந்திருக்கிறான் என்றே சொன்னது. தண்ணீர்த் தொட்டிமேல் ஆளை ஏற்றிப் பார்த்தார்கள். அந்த நேரம் முழுக்க அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை என்று மேலேயிருந்து குரல் வந்த பிறகுதான் திரும்பினார். கீப்பரைத் துறைத் தலைவர் அறைக்கு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். விசாரணை நடக்கும், அது முடியும்வரை எங்கும் போகக் கூடாது. அந்த ஆண்டு போய்விட்டது என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். அக்கா காலர்களுக்கு முன்னால் நிற்பது கண்ணுக்குள் வந்தது. மீசைக்காரன் அந்த வழியாகப் போனான், சுவரோரமாக, செருப்புச் சத்தம் வராமல்.

அப்பா துணிப்பையோடு வாசல் பக்கம் நடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கீப்பர் பெஞ்சைவிட்டு எழுந்து பின்னால் ஓடினான்.

“நானும் வரேன்ப்பா.”

அவர் துணிப்பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“திட்டிடுங்கப்பா.”

“திட்டினா வந்துடுவானா?” என்று கேட்டுவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், “சாப்பாடு யாரு குடுத்தா அவனுக்கு?” என்றார்.

“நான்தான் கொண்டுவந்து வைப்பேன்.”

“சாப்பிட்டானா?”

“சில நாள்.”

அவர் தலையை ஆட்டினார். அது நன்றியாக இருக்குமோ என்ற பயத்தில் கீப்பர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையத்தில் கடை கடையாகப் படத்தைக் காட்டினார்கள். நடத்துநர்கள் படத்தை வாங்கி, தள்ளி வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்கள். “இந்த வயசுப் பசங்க ஆயிரம் பேரு ஏறுறாங்க. அத்தன நாள் ஆச்சுன்னா எப்படிச் சொல்றது? அடுத்த நாளே வந்திருந்தா ஞாபகம் இருந்திருக்கும்.” இதையே வேறு வேறு வார்த்தைகளில் எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கீப்பர் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டான்.

மேல்மாடியில் அறிவிப்பாளரின் கூண்டு. பேருந்து நேரங்களைச் சொல்கிறவர், மூடிய கண்களோடு ஒலிபெருக்கியில் டாப்பரின் பெயரையும் அடையாளத்தையும் சொன்னார். தடம் எண், புறப்படும் நேரம் சொல்லும் அதே ராகத்தில்.

“இப்படிச் சொன்னா திரும்ப மாட்டான்ங்க அவன்” என்றார் அப்பா. “யாரையோ சொல்றாங்கன்னு இருந்துடுவான். வீட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிடணும்.”

அறிவிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மைக்கை அவர் பக்கம் தள்ளினார். “சீக்கிரம். அடுத்த வண்டி சொல்லணும்.”

அப்பா மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். நிலையம் முழுக்க அவருடைய மூச்சுதான் கேட்டது. இரண்டாம் தரமும் அதேதான். மைக்கைக் கீப்பரிடம் நீட்டினார். “நீ கூப்பிடுப்பா. உனக்கு வருமே.”

வீட்டுப் பெயரைக் காதோடு சொன்னார். சின்னப் பெயர். ஓரறையில் அவ்வளவு நாள் இருந்தும் கீப்பர் கேட்டிராத பெயர்.

எந்தக் குரலில் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். இருந்த குரல்களில் ஒன்றும் உதவவில்லை. எஞ்சியிருந்த ஒன்றில், கரகரத்த ஒன்றில், அந்தப் பெயரைக் கூப்பிட்டான்.

அது கூரை முழுக்கப் போய், கூட்டத்தின் மேல் இறங்கியது. கீழே தலைகள் நிமிர்ந்தன. நூற்றுக்கணக்கான தலைகள். தங்கள் பெயர் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் குனிந்தன. ஒரு மூச்சு விடும் நேரம் கீப்பர் காத்திருந்தான். யாராவது, எவனாவது, எந்தக் குரலிலாவது, பொய்யாகவாவது.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரெட்டைச் சுழியைத் தேடிக்கொண்டிருந்தார், வலமிருந்து இடமாக.

“இன்னொரு தடவ” என்றார், திரும்பாமல்.